கேள்வி 7 (ஆ)

ஏகாம்பரம் வீதியில் டயர்க் கடைக்கு மேல்மாடி.
பெண்களுக்கு ஒன்பதிலிருந்து பதினொன்று.
சீனி வருத்தத்துக்கு டொக்டர் நடக்கச் சொன்னார்,
வெயிலுக்குப் பயந்து இங்கே ஏறினேன்.
கீழே சில்லுக்குக் காற்றடிக்கிற சத்தமும்
மேலே எங்கள் மூச்சும்
சில நேரம் ஒன்றாய்ப் போகும்.

ஹிதாயாவின் கழுத்தில் விசில் தொங்கும், ஊத மாட்டாள்.
"இன்னும் ரெண்டு, அக்கா" என்பாள்.
அவளுடைய இரண்டு எப்போதும் நான்கு.

மார்ச் பதினான்கு, வியாழன்.
ஐந்து கிலோ டம்பல், மூன்றாவது சுற்று.
எட்டா ஒன்பதா என்பதில்
எங்கள் இருவருக்கும் இன்னும் இணக்கமில்லை.
இடது தோளுக்குள் ஏதோ
ஈரத் துணிபோல் கிழிந்தது.
துணி கிழியும் சத்தம் எனக்குத் தெரியும்,
இருபத்தெட்டு வருஷமாய்த் தைக்கிறேன்.

காப்புறுதிக் கந்தோர் மத்திய வீதியில்.
உள்ளே குளிர்.
மேசைக்கு அந்தப் பக்கம் ஜெயரூபி,
நல்ல பிள்ளை. போன பொங்கலுக்கு
அவளுக்கு மூன்று சாறி பிளவுஸ் நான்தான் தைத்தேன்.
அந்தக் கதிரையில் இருக்கும்போது அவளுக்கு வேறு அளவு.

"இது பிரதி, அன்ரி. அசல் பற்றுச்சீட்டு வேணும்."
கொண்டுபோனேன்.
"டொக்டரின்ட முத்திரை தெளிவில்ல."
டொக்டர் மாற்றலாகிப் போயிருந்தார், முத்திரையும் அவரோடு.
"ஜிம்மில இருந்து ஒரு கடிதம்,
சேரேக்க நிரப்பின அட்டையின்ட கொப்பி."

வெளியே பஸ் நிலையத்தடியில் ஒரு மான்
யாரோ எறிந்த லொத்தர்ச் சீட்டை மென்றுகொண்டு நின்றது,
அசலா பிரதியா என்று கேளாமல்.

அட்டைகளை ஒரு ரைஸ் குக்கர் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள் ஹிதாயா.
தேடி எடுத்தாள்.
பெயர்: சி. பவளராணி. வயது: 47.
அதன் கீழ், அவளுடைய உருண்டைக் கையெழுத்தில்:
இடது தோள், பழைய நோ. முழுசா உயராது.

இருவரும் பார்த்தோம்.
"வேற அட்டை எழுதுவமா?"
கேட்டது நான்தான்.
வாங்கைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள்.
"கண்டத எழுதுவன், அக்கா. காணாதத எழுத மாட்டன்.
அன்டைக்குக் கிழிஞ்சதக் கண்டன்."

7 (அ) இந்த உபாதை முன்பே இருந்ததா? ஆம் / இல்லை.
(ஆ) ஆம் எனில் எப்போது, எவ்வாறு,
தூக்கிய பாரம் (கிலோவில்).
ஒன்றரை வரி இடம் விட்டிருந்தார்கள்.

2006. சம்பூரிலிருந்து.
மெசினின் தலை மட்டும்.
காலும் பலகையும் வீட்டிலேயே நின்றுவிட்டன.
வலது தோளில் பிள்ளை,
ஆகவே இடது.
வெருகல் தாண்டும்வரை மாற்ற ஏலவில்லை.
எத்தனையாவது என்று
அன்று ஒருவரும் எண்ணவில்லை.
ஒன்றரை வரி.

நேற்றிரவு சில்லறைக் கடைத் தராசை
இரவல் கேட்டு வாங்கினேன்.
தலையைக் கழற்றி, எண்ணெய் துடைத்து,
வலது தோளில் இருந்தவன்தான் தூக்கி வைத்தான்.
அவனுக்கு இப்போது மீசை.
"ஏனம்மா இது?" என்றான்.
முள் ஆடி ஆடி நின்றது.
பதின்மூன்று கிலோ நானூறு.

'ஆம்' என்பதைச் சுற்றி வட்டம் போட்டேன்.
13.4 என்று எழுதினேன்.
மிச்ச இடத்தை வெறுமையாய் விட்டேன்.

ஜெயரூபி வாசித்தாள்.
பேனையை மூடினாள், திறந்தாள்.
"ஜிம்மில அஞ்சு கிலோ எண்டுதானே எழுதியிருக்கு?"
"அது வேற."
"கொழும்புக்கு அனுப்பிப் பாக்கிறன், அன்ரி.
ஆறு கிழமை செல்லும்.
கிடைக்கும் எண்டு நான் சொல்ல மாட்டன்."
பிறகு மெதுவாக,
அந்த நீல பிளவுஸின் கை கொஞ்சம் இறுக்கம் என்றாள்.
கொண்டு வா என்றேன்.

இன்று ஒரு கிலோ.
ரோஸ் நிறம், விளையாட்டுச் சாமான்போல்.
பாதி உயரத்தில் கை நின்று யோசிக்கிறது.
கீழே யாருக்கோ காற்றடிக்கிறார்கள்.
"இன்னும் ரெண்டு, அக்கா."
நான் நான்குக்கு ஆயத்தமாகிறேன்.